பார்படோஸில் முதலில் எதைப் பார்ப்பது?

பார்படோஸ் என்றதும் தமிழ் வாசகர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். கேரி சோபர்ஸ், மால்கம் மார்ஷல், ஜோயல் கார்னர், கார்டன் கிரீனிட்ஜ், டெஸ்மண்ட் ஹெயின்ஸ் எல்லோரும் இந்தச் சின்னத் தீவில் பிறந்தவர்கள். 2024 ஜூன் 29 அன்று இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றதும் இங்குள்ள கென்சிங்டன் ஓவல் மைதானத்தில்தான். கிரிக்கெட்டை விட்டால் அடுத்து நினைவுக்கு வருவது வெள்ளை மணல் கடற்கரை, நீலக் கடல், ரம். சுற்றுலா விளம்பரங்களும் இதைத்தான் காட்டுகின்றன.

ஆனால் இந்தத் தீவில் கடற்கரையைத் தாண்டிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்பு. வடக்கிலிருந்து தெற்கு வரை 34 கிலோமீட்டர். இந்தக் கைக்குட்டை அளவு நிலத்தில் 17ஆம் நூற்றாண்டு மாளிகைகள், பழைய யூத ஆலயம், காற்றாலை, ராணுவக் குடியிருப்பு, நல்ல அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. தலைநகர் பிரிட்ஜ்டவுனின் பழைய பகுதியையும் அதை ஒட்டிய ராணுவக் குடியிருப்பையும் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பார்க்க இவ்வளவு இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளுக்கு விடை தயாராக இருக்கிறது. தோட்ட முதலாளிகளின் மாளிகைகள்! கப்பலில் வந்து ஒரே நாளில் திரும்புகிறவர்களுக்கும் முதலில் கிடைப்பது இந்தப் பயணம்தான். மாளிகை, தோட்டம், மதிய உணவு, கடைசியில் ஒரு கிளாஸ் ரம்.

இந்த வரிசை தவறு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மாளிகைகளைப் பார்க்கவே கூடாது என்பதல்ல. அவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கட்டிடம் இல்லை, சிலை இல்லை. வெறும் புல்வெளி. அதை முதலில் பார்த்தவருக்கு மாளிகை ஒரு விதமாகத் தெரியும், பார்க்காதவருக்கு வேறு விதமாகத் தெரியும்.

கொஞ்சம் வரலாறு

ஆங்கிலேயர்கள் 1627இல் இங்கே குடியேறினார்கள். முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டார்கள். பெரிய லாபம் இல்லை. 1640களில் கரும்பு வந்தது. அதோடு தீவின் தலையெழுத்தே மாறிப்போனது. கரும்புக்கு ஆள் வேண்டும், அதுவும் ஏராளமாக வேண்டும். வெட்டிய கரும்பை உடனே ஆலையில் கொடுத்துச் சாறு பிழிய வேண்டும். சாற்றை இரவு பகலாகக் காய்ச்ச வேண்டும். இந்த வேலைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பல் கப்பலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

1661இல் பார்படோஸ் சட்டமன்றம் அடிமைகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. மனிதனை உடைமையாக நடத்துவதற்கு எழுதப்பட்ட விதிகள் அவை. ஜமைக்காவும், பிறகு அமெரிக்காவின் தென் கரோலினாவும் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. சர்க்கரை மட்டுமல்ல, அடிமைச் சட்டமும் இந்தத் தீவிலிருந்து ஏற்றுமதியானது!

1834இல் பிரிட்டிஷ் அரசு அடிமை முறையை ஒழித்தபோது தீவில் சுமார் 83 ஆயிரம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அதன் பிறகும் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை முதலாளியிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. பிரிட்டன் தன் காலனிகள் அனைத்துக்கும் சேர்த்து 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? முதலாளிகளுக்கு! உழைத்தவர்களுக்கு ஒரு பென்னி கூட இல்லை.

'கரும்பு தின்னக் கூலியா?' என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. பார்படோஸில் கரும்பை நட்டு, வெட்டி, பிழிந்து, காய்ச்சியவர்களுக்கு இரண்டு நூற்றாண்டுகள் கூலியே கிடையாது.

மாளிகைகள் சொல்லும் கதை

தீவின் வடக்கே புனித பீட்டர் வட்டாரத்தில் செயின்ட் நிக்கோலஸ் அபே இருக்கிறது. பெயரில் மடம் இருந்தாலும் இது ஒருபோதும் மடமாக இருந்ததில்லை. 1658 வாக்கில் கட்டப்பட்ட தோட்ட மாளிகை இது. ஜேக்கபியன் பாணி என்று சொல்லப்படும் பழைய ஆங்கிலப் பாணியில் மேற்கு அரைக்கோளத்தில் மிஞ்சியிருப்பவை மூன்றே வீடுகள். அவற்றில் இரண்டு பார்படோஸில் இருக்கின்றன, இன்னொன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில்.

வளைந்த முகப்புகளும் புகைபோக்கிகளும் அழகானவை. வெப்பமண்டலத் தீவில் குளிர் காயும் அடுப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். இங்கிலாந்து வீட்டின் வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டியதன் விளைவு அது. உள்ளே பழைய மேசை நாற்காலிகள், பீங்கான்கள். 1930களில் எடுக்கப்பட்ட தோட்ட வாழ்க்கையின் படச்சுருளையும் பார்வையாளர்களுக்குத் திரையிடுகிறார்கள். இன்றும் அங்கே ரம் வடிக்கிறார்கள்.

புனித பிலிப் வட்டாரத்தில் உள்ள சன்பரி மாளிகையும் 1660 வாக்கில் கட்டப்பட்டது. 1995இல் தீப்பிடித்து எரிந்தது. பிறகு பாடுபட்டுப் பழையபடி கட்டித் திறந்துவிட்டார்கள். பழைய குதிரை வண்டிகளுக்காகவே தனிச் சேகரிப்பு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அக்கறையோடு காப்பாற்றியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. ஒரு மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும்? முதலாளியின் பெயர் தெரிந்திருக்கும், மனைவியின் பெயர், சொத்து யார் கைக்கு மாறியது, சாப்பாட்டு மேசை எந்த மரத்தில் செய்தது எல்லாம் தெரிந்திருக்கும். அந்த மேசையைத் துடைத்தவரின் பெயர் தெரிந்திருக்குமா?

வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அந்த வீட்டுக்காரரின் கண்ணால் பார்ப்பதுதான். முன்வாசல் வழியாக நுழைகிறார்கள், கூடத்தில் நிற்கிறார்கள், மாடியிலிருந்து தோட்டத்தைப் பார்க்கிறார்கள். நல்ல காற்று வருகிறது. 'எவ்வளவு அமைதியான இடம்!' என்று தோன்றுகிறது. அப்படித் தோன்ற வைப்பதற்காகத்தான் அந்த வீடு கட்டப்பட்டது. வழிகாட்டி இடையில் ஒரு வாக்கியம் அடிமை முறையைப் பற்றிச் சொன்னாலும், கண் பார்ப்பது நாற்காலியைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க யாரும் திட்டம் போடவில்லை. சோறு அவ்வளவு அலங்காரமாகப் பரிமாறப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நியூட்டன் புல்வெளி

தெற்கே கிறைஸ்ட் சர்ச் வட்டாரத்தில் நியூட்டன் என்ற பழைய கரும்புத் தோட்டம் இருக்கிறது. அதன் ஒரு ஓரத்தில் விவசாயத்துக்கு அவ்வளவாக உதவாத, மேடும் பள்ளமுமான நிலம். ஏறத்தாழ 1660 முதல் 1820 வரை அந்தத் தோட்டத்தில் இறந்த அடிமைகளை அங்கே புதைத்தார்கள். சுமார் 570 பேர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஒருவருக்கும் கல்லறைக் கல் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது.

1970களின் தொடக்கத்தில் ஜெரோம் ஹேண்ட்லர், ஃபிரெடரிக் லாங்கே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. தோட்டத்து அடிமைகளின் இடுகாடு ஒன்றை இவ்வளவு முறையாக ஆராய்ந்தது கரீபியன் வட்டாரத்தில் அதுவே முன்னோடி முயற்சி.

எலும்புகள் என்ன சொன்னன? பல் எனாமலில் கோடுகள் இருந்தன. சிறு வயதில் பட்டினி கிடந்தவர்களுக்கும் கடும் நோயில் விழுந்தவர்களுக்கும் பல் வளர்ச்சி இடையில் நின்று நின்று போகும். அதன் தடம் அது. எலும்பில் ஈயம் அதிகமாக இருந்தது. ரம் வடிக்கும் கருவிகளில் ஈயம் பயன்பட்டது, அந்த ரம்மைக் குடித்ததால் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இன்று சுற்றுலாப் பயணி ரசித்துக் குடிக்கும் அதே பானம், அன்று காய்ச்சியவர்களின் எலும்புக்குள் விஷமாக இறங்கியிருக்கிறது.

ஓர் இளம்பெண்ணை மட்டும் தனியாக ஒரு மண்மேட்டில், முகம் குப்புறப் புதைத்திருந்தார்கள். ஏன் அப்படி? அவளைச் சுற்றியிருந்தவர்கள் அவளைக் கண்டு பயந்தார்களா, ஒதுக்கினார்களா? ஊகிக்கத்தான் முடியும்.

இன்னொரு புதைகுழியில் ஒரு முதியவர். கையில் உலோக வளையங்கள், பக்கத்தில் கத்தி, ஆப்பிரிக்க வேலைப்பாடுள்ள களிமண் புகைக்குழாய். கழுத்தில் ஒரு மாலை. அதில் சோழிகள், நாய்ப் பற்கள், மீன் முதுகெலும்புகள், கண்ணாடி மணிகள், கூடவே ஒரு பெரிய சூதுபவள மணி. மக்கள் மதித்த வைத்தியராக அவர் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

சோழி இந்தியப் பெருங்கடலின் பொருள். அந்தச் சூதுபவள மணி இன்றைய குஜராத்தில் உள்ள காம்பே பகுதியில் செய்யப்பட்டு, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து பார்படோஸ் வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குஜராத்தில் ஒரு கைவினைஞர் பட்டை தீட்டித் துளையிட்ட மணி, அட்லாண்டிக்கைக் கடந்து, பெயர் தெரியாத ஓர் ஆப்பிரிக்கரின் கழுத்தில் கரும்புத் தோட்டத்து மண்ணுக்குள் போயிருக்கிறது. எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதருக்கு, இருந்ததில் உயர்ந்ததைப் போட்டு வழியனுப்பியிருக்கிறார்கள். அடிமைகளுக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லை என்று சட்டம் சொன்னது. மாலையோ வேறு சொல்கிறது.

மாளிகையில் பத்து அறைகள் பார்த்தாலும் இந்த ஒரு மாலை சொல்வது கிடைக்காது.

ஒரு விருந்தாளியும் 570 பேரும்

பிரிட்ஜ்டவுனை ஒட்டிய ராணுவக் குடியிருப்புப் பகுதியில் ஜார்ஜ் வாஷிங்டன் இல்லம் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான அதே வாஷிங்டன்தான். 1751இல், 19 வயதில், காசநோயால் அவதிப்பட்ட அண்ணன் லாரன்ஸுக்குத் துணையாக இங்கே வந்தார். சில வாரங்கள் தங்கினார். அம்மை போட்டுப் பிழைத்துக்கொண்டார். திரும்பிப் போய்விட்டார். வட அமெரிக்காவுக்கு வெளியே அவர் போன ஒரே இடம் இதுதான். அதற்காக அந்த வீட்டைப் புதுப்பித்து, அருங்காட்சியகமாக்கி, டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

ஒருவர் சில வாரங்கள் தங்கியதற்கு ஒரு வீடு முழுக்க நினைவுச் சின்னம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்து அங்கேயே மடிந்த 570 பேருக்கு மிக நீண்ட காலம் ஒரு கல் கூட இல்லை. இந்தக் கணக்கு சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு யோசிக்காமல் இல்லை. 1990களில் பார்படோஸ் அருங்காட்சியகம் நியூட்டன் இடுகாட்டு நிலத்தைப் பெற்றுப் பாதுகாப்புக்கு வழி செய்தது. 2021 நவம்பர் 30 அன்று பார்படோஸ் பிரிட்டிஷ் அரசியைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டுக் குடியரசானது. அடுத்த சில நாட்களிலேயே நியூட்டனில் நினைவிடம் எழுப்பும் திட்டத்தை அரசு அறிவித்தது. 570 பேருக்கு 570 மரத் தூண்கள் என்பது அதன் வடிவமைப்பு. நல்ல திட்டம்தான். ஆனால் அகழாய்வுக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையில் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

மலை மேல் இருந்து யாரைப் பார்த்தார்கள்?

தீவின் நடுவே கன் ஹில் என்ற குன்றின் மேல் ஒரு சமிக்ஞை நிலையம் இருக்கிறது. வெள்ளை மதில், கொடிமரம், கீழே பாறையில் செதுக்கிய பெரிய வெள்ளைச் சிங்கம். 1868இல் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் வேலை அந்தச் சிங்கம். இங்கிருந்து பார்த்தால் தீவின் பாதி தெரியும். புகைப்படம் எடுக்க வருகிறவர்களே அதிகம்.

இந்த நிலையம் கட்டப்பட்ட ஆண்டு 1818. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1816 ஈஸ்டர் ஞாயிறு இரவில், புனித பிலிப் வட்டாரத்தில் அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். பெய்லி தோட்டத்தைச் சேர்ந்த புஸ்ஸா அதன் தலைவர்களில் முக்கியமானவர். சிம்மன்ஸ் தோட்டத்து வீட்டில் வேலை செய்த நானி கிரிக் என்ற பெண்ணுக்கும் அதில் பங்கு இருந்தது. ஹெய்ட்டியில் அடிமைகள் போராடி விடுதலை வாங்கியதை எடுத்துச் சொல்லி மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்தவர் அவர். பல தோட்டங்களில் கரும்பு எரிந்தது. சில நாட்களில் ராணுவம் அடக்கிவிட்டது. புஸ்ஸா சண்டையில் இறந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள்.

இப்போது 1818 என்ற ஆண்டைத் திரும்பப் பாருங்கள். கொடி காட்டிச் செய்தி அனுப்பும் நிலையங்களைக் குன்றுக்குக் குன்று கட்டியது, எதிரிக் கப்பல் வருகிறதா என்று கடலைப் பார்க்க மட்டுமல்ல. தோட்டங்களில் மறுபடி கலகம் வெடிக்கிறதா என்று உள்ளே பார்க்கவும்தான். இதைத் தெரிந்துகொண்டு மேலே ஏறுகிறவருக்கு அதே காட்சி வேறு மாதிரி தெரியும். அழகு குறையாது, ஆனால் யாரை வேவு பார்ப்பதற்கு இந்த அழகு பயன்பட்டது என்பது புரியும்.

காற்றாலையும் அப்படித்தான். புனித ஆண்ட்ரூ வட்டாரத்து மார்கன் லூயிஸ் காற்றாலை கரும்பு பிழிய உதவியது. 1947 வரை வேலை செய்தது. பிறகு சிதைந்து, 1990களின் இறுதியில் மீட்கப்பட்டது. இறக்கைகளையும் பற்சக்கரங்களையும் பார்த்து வியப்பார்கள். ஆனால் இந்த மாதிரி ஆலைகளில் கரும்பை உருளைகளுக்குள் கொடுப்பவரின் விரல் சிக்கினால் கையே உள்ளே போய்விடும். அதற்காக, கையை உடனே வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்கு ஒரு வெட்டுக்கத்தியைப் பக்கத்திலேயே வைத்திருப்பது கரீபியன் கரும்பாலைகளில் வழக்கம். அந்தக் கத்தி இல்லாமல் காற்றாலையை விளக்கினால் பாதி விளக்கம்தான்.

சிறைச்சாலையில் ஓர் அருங்காட்சியகம்

பார்படோஸ் அருங்காட்சியகம் இயங்குவது பழைய பிரிட்டிஷ் ராணுவச் சிறையில். 1933இல் நிறுவப்பட்ட சங்கம் அதை நடத்துகிறது. ஒரு காலத்தில் படைவீரர்களைப் பூட்டிய கொட்டடிகளில் இன்று காட்சிப் பொருட்கள் இருக்கின்றன. முதலாளி வீட்டு அறைகளை அப்படியே அமைத்துக் காட்டும் பகுதியும் இங்கே உண்டு, ஆப்பிரிக்காவுக்கென்று தனிக் கூடமும் உண்டு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க முடிவதுதான் இதன் பலம். மாளிகையில் கிடைக்காத மறுபக்கம் இங்கே கிடைக்கிறது.

நெல்சன் சிலை கதையும் இந்த இடத்தோடு சேர்ந்ததுதான். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்குப் பிரிட்ஜ்டவுனில் 1813இலேயே சிலை வைத்தார்கள். லண்டனில் உள்ள புகழ்பெற்ற நெல்சன் தூணைவிட மூத்தது. சிலை நின்ற சதுக்கத்துக்கு 1999இல் தேசிய வீரர்கள் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். அந்தச் சதுக்கத்தில் நெல்சனே தொடர்ந்து நிற்கலாமா என்று பல ஆண்டுகள் சர்ச்சை. கடைசியில் 2020 நவம்பர் 16 அன்று இறக்கி, அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். உடைக்கவில்லை, கடலில் வீசவில்லை. வணங்க வேண்டிய இடத்திலிருந்து எடுத்து, படிக்க வேண்டிய இடத்துக்கு அனுப்பினார்கள். மாளிகைகளையும் இந்த மனநிலையோடு அணுகலாம்.

மறுப்பவர்கள் சொல்வது

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு.

முதலாவது, 'காசு செலவழித்து விடுமுறைக்கு வருகிறவர்களைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போவதா?' என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடற்கரையில் மட்டும் இருந்துவிட்டுப் போகிறவரை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒருவர் வரலாறு பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டால், முதலாளியின் வரலாறு மட்டும் போதும் என்று அவருக்காக வேறொருவர் முடிவு செய்வது சரியா? விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் தங்கள் முன்னோர்களை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. இந்தத் தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள்.

இரண்டாவது, 'மிஞ்சியிருப்பதைத்தானே காட்ட முடியும்?' என்பது. மாளிகை பவளப்பாறைக் கல்லால் கட்டியது, நிற்கிறது. அடிமைகளின் குடிசை மண்ணும் ஓலையும், போய்விட்டது. உண்மைதான். விடுதலைக்குப் பிறகு கூட அவர்களுக்குச் சொந்த நிலம் கிடைக்கவில்லை. அதனால் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி பலகை வீடுகளைக் கட்டினார்கள். முதலாளி 'கிளம்பு' என்றால் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். 'சாட்டல் வீடு' என்று அதற்குப் பெயர். இன்று அவை அழகான வண்ண வீடுகளாக அஞ்சல் அட்டைகளில் வருகின்றன. அந்த அழகுக்குக் காரணம் நிலமில்லாமை என்பதை அட்டை சொல்வதில்லை. மிஞ்சாமல் போனதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தையும் சொல்வதுதான் வரலாறு.

தவிர, எல்லாமே மறைந்துவிடவில்லை. 1817 முதல் தீவில் அடிமைகளின் பதிவேடுகள் எழுதப்பட்டன. அவற்றில் பெயர்கள் இருக்கின்றன. நியூட்டன் தோட்டத்தின் கணக்குத் தாள்களிலிருந்து, வீட்டுப் பொறுப்பில் இருந்த ஓல்ட் டால் என்ற பெண்ணையும் அவர் குடும்பத்தையும் வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இதில் அவசரமும் உண்டு. 2024 ஜூனில் பார்படோஸ் ஆவணக் காப்பகத்தின் ஒரு கட்டிடம் தீயில் எரிந்தது. பழைய ஆவணங்கள் பல அழிந்தன. கல்லில் கட்டிய சன்பரி எரிந்தபோது திரும்பக் கட்ட முடிந்தது. காகிதத்தில் இருந்த ஒரு பெயர் எரிந்தால் அதைத் திரும்பக் கட்ட முடியாது.

மூன்றாவது, 'முடிந்துபோன கதையை ஏன் கிளற வேண்டும்?' என்பது. கதை முடிந்ததா? புனித ஜார்ஜ் வட்டாரத்தில் டிராக்ஸ் ஹால் இருக்கிறது. தீவின் மற்றொரு ஜேக்கபியன் மாளிகை அதுதான். கரும்பைப் பெரிய அளவில் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டிராக்ஸின் குடும்பச் சொத்து. 1830களின் நஷ்டஈட்டில் 189 அடிமைகளுக்காக அக்குடும்பம் 4,293 பவுண்டு பெற்றது. 2024இல் அந்தத் தோட்டத்தில் 53 ஏக்கரை விலை கொடுத்து வாங்கி, மக்களுக்கு வீடு கட்ட அரசு முடிவு செய்தது. 'அடிமைகளின் உழைப்பில் வந்த நிலத்துக்கு அடிமைகளின் பேரப்பிள்ளைகள் காசு கொடுப்பதா?' என்று எதிர்ப்பு கிளம்ப, பிரதமர் மியா மோட்லி அந்தப் பேச்சை நிறுத்திவைத்தார். நிலத்தின் உரிமை பற்றி இன்றும் வழக்கு பேசும் நாட்டில், அந்த நிலம் யாருக்கு எப்படி வந்தது என்பது பழங்கதை ஆகாது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாளிகையிலும் அங்கே வேலை செய்த அடிமைகளின் பெயர்ப் பட்டியலை, கிடைத்த அளவுக்கு, முன்கூடத்திலேயே வைக்கலாம். முதலாளியின் படத்துக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஆவணங்களைப் பாதுகாக்கவும் இடுகாடுகளைப் பராமரிக்கவும் ஒதுக்கலாம். வழிகாட்டிகள் நாற்காலியின் வயதைச் சொல்லும்போது, அதை மெருகேற்றியவர்களின் வேலை நேரத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

பயணிகள் தங்கள் பங்குக்கு வரிசையை மட்டும் மாற்றினால் போதும். தீவு சின்னது, எல்லாம் பக்கம் பக்கம். முதலில் பழைய சிறையில் உள்ள அருங்காட்சியகம். அங்கிருந்து நியூட்டன். அதன் பிறகு நெடுஞ்சாலைச் சந்திப்பில், கை விலங்கை அறுத்துக்கொண்டு நிற்கும் சிலை. கார்ல் புரூட்ஹாகன் 1985இல் செய்தது, மக்கள் அதைப் புஸ்ஸா என்றே அழைக்கிறார்கள். பிறகு கன் ஹில். கடைசியாக மாளிகை.

அப்படிப் போகிறவர் மாளிகையின் மாடியில் நின்று கரும்பு வயலைப் பார்க்கும்போது, அந்த வயலில் ஆட்களும் தெரிவார்கள். சாப்பாட்டு மேசையைப் பார்க்கும்போது பல் எனாமலில் இருந்த கோடு நினைவுக்கு வரும். வீட்டின் அழகை ரசிக்கலாம், தடையில்லை. ஆனால் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது தெரிந்தே ரசிப்பார்.

பார்படோஸுக்குப் போகும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. கிரிக்கெட் பார்க்கவோ வேலைக்காகவோ போகிறவர்கள் இருந்தால், கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால், நியூட்டன் புல்வெளியில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். 570 பேர் இருக்கிறார்கள்.